நட்சத்திரத்துக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட்

படகின் பெயரைச் சொல்ல மாட்டேன். எந்தத் துறையின் படகு என்றும் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு சர்க்குலர் வரும். அந்தமானில் சாத்தத்துக்கும் பேம்பூ பிளாட்டுக்கும் நடுவில் நாள் முழுக்கப் போய்ப் போய் வருகிற படகுகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ், லாரி, ஸ்கூட்டர், ஆடு, கோழி, மனுஷர் எல்லாவற்றையும் ஒரே தட்டில் ஏற்றிக்கொண்டு கால் மணி நேரத்தில் அக்கரை சேர்த்துவிடும். என் வீட்டுக்காரர் யோகராஜ் அதில் லஸ்கர். கயிறு வீசுவது, கயிறு கட்டுவது, வண்டிகளை நெருக்கி நிறுத்துவது, தள்ளி நிற்கச் சொல்லி ஜனங்களிடம் கத்துவது எல்லாம் அவர் வேலை. பதினோரு வருஷமாகத் தினக்கூலி. நிரந்தரம் செய்யப்போகிறவர்களின் பட்டியல் மார்ச்சில் வரும் என்று நான்கு மார்ச்சாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே படகில் இன்னொரு லஸ்கர் சிலாஸ் கேர்கெட்டா. ராஞ்சிக்காரர், கிறிஸ்தவர், வீடு அக்கரையில். அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு பேச்சு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் யோகராஜ் டியூட்டியை சிலாஸ் பார்ப்பார். கிறிஸ்துமஸுக்கு சிலாஸ் டியூட்டியை யோகராஜ் பார்ப்பார். எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை, ஒரு வருஷமும் தவறியதில்லை. அதனால் என் மகள் சௌமியா பிறந்த ஒன்பது வருஷத்தில் ஒரு கிறிஸ்துமஸ் பகலிலும் அப்பா வீட்டில் இருந்ததில்லை.

நீங்கள் இந்துக்கள்தானே, உங்களுக்கு என்ன கிறிஸ்துமஸ் என்று கேட்கத் தோன்றும். மெயின்லேண்டிலிருந்து வருகிற எல்லாரும் கேட்கிறார்கள். நான் கச்சால் தீவில் பிறந்தவள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட என் அப்பாவையும் அம்மாவையும் அந்தத் தீவின் ரப்பர் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டார்கள். லயத்து வீட்டில் வளர்ந்தோம். டிசம்பர் இருபத்தைந்து அன்று லயத்துப் பிள்ளைகள் எல்லாம் கிறிஸ்தவர்களான நிக்கோபாரிகளின் ஊருக்கு நடப்போம். யாரும் கூப்பிட்டு அனுப்ப மாட்டார்கள், நாங்களும் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்ததில்லை. பன்றிக்கறியும் தாழம்பழக் களியும் இலை நிறைய வைத்து, தின்று முடிக்கும்வரை எழுந்திருக்க விடமாட்டார்கள். கச்சாலில் பிறந்தவளிடம் கிறிஸ்துமஸ் யாருடையது என்று கேட்பது மழை யாருடையது என்று கேட்பது மாதிரி. சுனாமி அந்த ஊரையும் எங்கள் லயத்தையும் சேர்த்தே கொண்டுபோனது. அது ஆள் பார்த்து, சாமி பார்த்து வரவில்லை.

ஆக, அப்பா இல்லாத கிறிஸ்துமஸுக்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். ஒவ்வொரு டிசம்பரிலும் அபர்தீன் பஜாரில் ஒரு காகித நட்சத்திரம் வாங்குவோம். சௌமியா உயரம் இருக்கும். உள்ளே பேட்டரி பல்பு. அதை சௌமியாவும் அப்பாவுமாகப் படகின் மேல்தட்டுக் கம்பியில் கட்டுவார்கள். எங்கள் வீடு ஹேடோ மேட்டில். ஜன்னலைத் திறந்தால் கீழே சாத்தம் கால்வாய் தெரியும். இங்கே ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். இருட்டிய தண்ணீரில் எத்தனையோ விளக்குகள் போகும் வரும், ஆனால் சிவப்பும் மஞ்சளுமாக ஒன்றே ஒன்று அக்கரைக்கும் இக்கரைக்கும் அலையும். சௌமியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்வாள்: "அப்பா போறாரு. அப்பா வர்றாரு." எங்கள் கிறிஸ்துமஸ் அவ்வளவுதான். அதற்கும் இந்த வருஷம் ஆப்பு வைத்தார்கள்.

பள்ளி விடுமுறை விடுகிற அன்று சௌமியா ஒரு தாள் கொண்டுவந்தாள். ஏதோ மெயின்லேண்ட் கம்பெனி அச்சடித்த பாடப் பயிற்சித் தாள். 'பெருநகரத்தில் கிறிஸ்துமஸ்: குடும்பத்துடன் மகிழ்ந்திருக்க ஐந்து வழிகள்' என்று தலைப்பு. கீழே ஐந்து கட்டங்கள். பெரிய மாலில் அலங்கார மரம், சாண்டா தாத்தாவுடன் சந்திப்பு, பனி விளையாட்டு, பாட்டுக் கச்சேரி, குடும்ப விருந்து. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போட்டோ ஒட்ட வேண்டும், போட்டோவில் குடும்பத்தார் எல்லாரும் இருக்க வேண்டும்.

பள்ளி வாசலில் உமா மகேஸ்வரி மேடம் நின்றிருந்தார். அவர் மகள் அகிலா சௌமியா வகுப்புதான். அவர் கணவர் பாலசுப்பிரமணியம் சார்தான் எங்கள் படகுகளுக்கு செப்டம்பரில் வந்த புது சூப்பர்வைசர். குடும்பமே சென்னை.

"இந்த ஷீட்டப் பாத்தீங்களா?" என்றார். "சென்னையா இருந்தா ஒரே நாள்ல அஞ்சையும் முடிச்சிருவோம். இங்க என்ன இருக்கு சொல்லுங்க. நல்லவேளை, ரிசார்ட்ல ஃபேமிலி கார்னிவல்னு போட்டிருக்கான். ஸ்னோ மெஷின் கூட வருதாம். புக் பண்ணிட்டோம். நீங்க எங்க போறீங்க?"

"கடலு இருக்கே மேடம்" என்றேன்.

"கடல் எங்க ஊர்லயும்தான் இருக்கு" என்று சிரித்தார். கெட்ட மனுஷி இல்லை. ஆனால் இந்த ஊரில் ஒன்றுமில்லை என்று என் பிள்ளையின் காதுபடச் சொன்னது எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கச்சாலிலிருந்து இரண்டு நாள் கப்பலில் வந்து இறங்கிய எனக்கு இதுதான் பெருநகரம். ரங்கத்திலிருந்து விடியலில் பஸ் ஏறி வருகிறவனுக்கும் சௌல்தாரியிலிருந்து கீரைக்கட்டோடு வருகிறவளுக்கும் இதுதான் பெருநகரம். மேலே இருக்கிற ஆட்கள் ஊரின் பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள், எங்கள் நாக்குக்கு இன்னும் போர்ட் பிளேயர்தான்.

இருபத்திரண்டாம் தேதி சர்க்குலர் வந்தது. முந்தின நாள் மேலிடத்து ஆள் ஒருவர் படகில் ஏறியபோது நட்சத்திரத்தின் வால் அவர் தலையில் இடித்ததாம். உடனே உத்தரவு: படகின் எந்தப் பகுதியிலும் எவ்வித அலங்காரப் பொருளையும் கட்டவோ, ஒட்டவோ, தொங்கவிடவோ கூடாது. மீறும் பணியாளர்மீது நடவடிக்கை. அக்டோபரில் ஆயுத பூஜைக்கு இதே படகில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினோம். வாழையிலை எத்தனை தலையில் இடித்ததோ தெரியாது. தேங்காய் உடைத்ததே பாலசுப்பிரமணியம் சார்தான்.

அன்று சாயங்காலம் யோகராஜ் நட்சத்திரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒரு முனை கிழிந்திருந்தது. சௌமியா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அதை வாங்கி மூலையில் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்:

"இனிமே எது ஒங்க படகுன்னு நான் எப்பிடிப்பா கண்டுபிடிக்கிறது?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், குழாயடிக்குப் போனார், ரொம்ப நேரம் முகம் கழுவினார்.

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்றேன் அவர் வந்ததும்.

"யாருகிட்ட கேக்குறது? பட்டியல் வர்ற நேரம் ராணி. நம்மள மாதிரி ஆளுக்கு வாயில்லாம இருக்குறதுதான் நல்லது."

"சிலாஸ் அண்ணன் என்ன சொல்றாரு?"

"என் லீவ நீ எடுத்துக்க, நான் டியூட்டி பாக்குறேன்னு சொன்னாப்ல. நான்தான் வேணாம்னுட்டேன். தீபாவளிக்கு எனக்காக நின்னவன். பேச்சு பேச்சுதான்."

அதில் எனக்கும் மறுப்பில்லை. கொடுத்த வாக்கைக் குலைத்து வாங்குகிற சந்தோஷம் எனக்கு வேண்டாம். ஆனால் நட்சத்திரம் எந்த வாக்கையும் குலைக்கவில்லையே.

மறுநாள் அவர் வேலைக்குப் போனபிறகு அவர் கொண்டுவந்திருந்த சர்க்குலரின் நகலை எடுத்து சௌமியாவை வாசிக்கச் சொன்னேன். இந்தியில் இருந்தது. நான்கு தடவை வாசிக்கவைத்தேன். கட்டக்கூடாது, ஒட்டக்கூடாது, தொங்கவிடக்கூடாது. கையில் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று எங்கேயும் இல்லை. பணியாளர்மீது நடவடிக்கை என்று இருந்தது. பயணிமேல் என்று இல்லை. நான் பணியாளர் இல்லை.

பசை காய்ச்சி கிழிந்த முனையை ஒட்டினோம். அவருக்குச் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் இரண்டு மணிக்கு நானும் சௌமியாவும் சாத்தம் ஜெட்டியில் இருந்தோம். நான் கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் பட்டில் இருந்தேன். சௌமியா புது கவுன். என் தோளில் ஆறடி மூங்கில் கழி, அதன் நுனியில் நட்சத்திரம். கவுன்ட்டரில் விஜயன் சேட்டன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"எந்தா இது ராணி?"

"ஒரு முழு டிக்கெட், ஒரு அரை. இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடுங்க."

"இதுக்கா? இது லிஸ்ட்ல இல்லியே. ஆடு உண்டு, சைக்கிள் உண்டு, காஸ் சிலிண்டர் உண்டு. ஸ்டார் இல்ல."

"அப்ப லிஸ்ட்ல இல்லாத சாமானுக்கு என்ன போடுவீங்க?"

"இதர சாமான்."

"அத போடுங்க. பெருசா எழுதுங்க. யாரும் கேட்டா காட்டணும்."

விஜயன் சேட்டனுக்கு சர்க்குலர் தெரியும். சுவரில் அவர் தலைக்கு மேலேயே ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தார், திரும்பி அதைப் பார்த்தார். பிறகு ஒரு சீட்டைக் கிழித்து, 'இதர சாமான், ஒன்று' என்று எழுதி, தேவைக்கு மேல் அழுத்தி முத்திரை குத்தினார்.

படகு வந்தது. வண்டிகள் இறங்கின. நான் ஏறும்போது யோகராஜ் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. பக்கத்தில் வந்து குனிந்து பேசினார்.

"என் பொழப்புல மண்ணப் போட்டுறாத ராணி."

"நீங்க யாரோ, நான் யாரோ. நான் பாசஞ்சர். இந்தா டிக்கெட்டு, இந்தா லக்கேஜு. நான் எதையும் கட்டல, ஒட்டல, தொங்கவிடல. நீங்க இதத் தொடவும் வேணாம், என்னப் பாக்கவும் வேணாம். ஒங்க வேலையப் பாருங்க."

அவர் நிமிர்ந்து பின்னால் நகர்ந்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, வண்டி ஏறுது" என்றார். கட்டிய பெண்டாட்டியை, பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அம்மா என்று மரியாதையாகக் கூப்பிட்டார். சௌமியா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

கால் மணி நேரம் ஒரு கழியைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் ஏறினேன். கடல் காற்று என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நட்சத்திரம் காற்று பிடித்து என்னையே தூக்கப் பார்த்தது. கழியின் அடியை இடுப்பில் ஊன்றி, முந்தானையால் என்னோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டேன். கம்பியில் சாய்த்தால் சுலபமாக இருந்திருக்கும். சாய்க்கவில்லை. படகின் ஒரு இரும்பிலும் அது படக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அக்கரையில் இறங்கி, வரிசையில் நின்று, மறுபடி மூன்று டிக்கெட் வாங்கி ஏறினோம். இக்கரையில் இறங்கி மறுபடி வாங்கினோம். நான்காவது நடையில் கழி என் பிடியிலிருந்து நழுவ ஆரம்பித்தது.

பக்கத்தில் மீன்கூடையோடு ஒரு பெங்காலிப் பெண் உட்கார்ந்திருந்தாள். முன்பின் பார்த்ததில்லை. வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தீதி, பாந்த் க்யூன் நஹி தேத்தி?" ஏன் கட்டிவிடவில்லை என்று கேட்டாள்.

கட்டக்கூடாதென்று உத்தரவு என்றேன். அவள் மேலே கம்பியைப் பார்த்தாள், மூன்று நாள் முன்பு வரை நட்சத்திரம் இருந்த இடத்தை. தினம் போகிறவள், ஞாபகம் இருந்திருக்கிறது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. கழியை என் கையிலிருந்து வாங்கித் தன் இடுப்பில் ஊன்றிக்கொண்டாள். "தும் பைட்டோ" என்றாள். நான் உட்கார்ந்தேன்.

அவள் இறங்குகிற கரையில் ஒரு தெலுங்கு லாரி டிரைவர் வாங்கினார். அவரிடமிருந்து ஸ்கூட்டரில் வந்த கல்லூரிப் பெண் வாங்கினாள். மெயின்லேண்டிலிருந்து வந்த புதுமணத் தம்பதி ஒன்று செல்ஃபி எடுக்கத்தான் பக்கத்தில் வந்தது. கழியைக் கையில் கொடுத்துவிட்டேன், அக்கரை வரை அவர்களும் பிடித்தார்கள். என் வீட்டுக்காரர் எதையும் பார்க்காதவராகக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். ஆனால் ஒவ்வொரு நடையிலும் நட்சத்திரம் நிற்கிற இடத்தைச் சுற்றி வண்டி எதுவும் வராமல் ஒரு சின்ன இடம் காலியாக இருந்ததைக் கவனித்தேன். வண்டிகளை நிறுத்துவது அவர்தான்.

சௌமியா அந்தத் தாளையும் என் போனையும் கொண்டுவந்திருந்தாள். படகின் பின்னால் பொங்குகிற வெள்ளை நுரையைப் படமெடுத்து, "இது பனிம்மா" என்றாள்.

"பனியா இது?"

"ரிசார்ட்ல மெஷின்ல வர்றதும் சோப்பு நுரதான். அகிலாவே சொன்னா."

நான்கு மணிக்கு அக்கரையில் சிலாஸ் குடும்பம் ஏறியது. கோட்டும் சூட்டுமாக சிலாஸ், அவர் மனைவி, மச்சான்மார், பிள்ளைகள், கழுத்தில் மாந்தர் என்கிற ராஞ்சி மேளம் மாட்டிய ஒரு பெரியவர். யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். சிலாஸ் என்னை அண்ணி முறையில் பாபி என்றுதான் கூப்பிடுவார், கிறிஸ்துமஸை படா தின் என்பார்.

"பாபி, நம்ம வூட்டு படா தின், நீ கடல்ல கொண்டாடுது. அப்ப நாங்க வூட்ல என்னா பண்ணும்?" என்று ஒரு எவர்சில்வர் தூக்கைத் திறந்தார். நிறைய அர்ஸா. அரிசிமாவும் வெல்லமும் போட்டுச் சுட்டது, நம் அதிரசத்துக்கு அக்காள் மகள். தூக்கு படகு முழுக்கச் சுற்றியது. பெரியவர் மேளத்தைத் தட்ட, அவர்கள் ஊர் சாத்ரி மொழியில் பாட ஆரம்பித்தார்கள். ஒலிபெருக்கி கூடாது என்றும் ஏதோ சர்க்குலரில் இருக்கும். அவர்களுக்குத் தொண்டையே போதும். பாடத் தெரிந்தவர்கள் பாடினார்கள், என்னை மாதிரித் தெரியாதவர்கள் கை தட்டினோம். சௌமியா ஒவ்வொன்றாகப் படமெடுத்தாள். ஆனால் எந்தப் படத்திலும் அப்பா இல்லை. கூப்பிடக்கூடாது என்று அவளிடம் நான் சத்தியம் வாங்கியிருந்தேன்.

ஐந்தேகாலுக்கு இருட்டியது. பல்பைப் போட்டோம். பசை வைத்த முனை மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

ஐந்தே முக்காலுக்கு சாத்தம் திரும்பியபோது ஜெட்டியில் ஜீப் நின்றது. பாலசுப்பிரமணியம் சார் பளபளவென்ற சட்டையில் இருந்தார். கார்னிவலிலிருந்து பாதியில் வந்திருக்கிறார். பின்னால் உமா மகேஸ்வரி மேடம், சாண்டா தொப்பி போட்ட அகிலா. நான் சிலாஸிடமிருந்து கழியை வாங்கிக்கொண்டேன். திட்டு என்றால் அது எனக்குத்தான் விழ வேண்டும்.

"என்னம்மா இதெல்லாம்? ஃபோன் மேல ஃபோன் வருது எனக்கு. சர்க்குலர் பாக்கலியா?"

"பாத்தேன் சார். அதனாலதான் கையில புடிச்சிருக்கேன்." மதியத்திலிருந்து வாங்கிய லக்கேஜ் டிக்கெட்டுகளை நீட்டினேன். ஒரு கத்தை இருந்தது. "எல்லாத்துக்கும் சீட்டு இருக்கு. இது என் சாமான்."

அவர் சீட்டுகளைப் புரட்டினார். அவருக்கு எந்த இடத்தில் பிடிப்பது என்று தெரியவில்லை. பிறகு தெரிந்துவிட்டது.

"யோகராஜ் உங்க வீட்டுக்காரர்தானே?" என்றார், குரலைத் தாழ்த்தி. "உங்கள நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. ஆனா மெமோ அவருக்குத்தான் வரும். எனக்கும் மேல ஆள் இருக்காங்க, புரிஞ்சுக்கோங்க. மார்ச்ல லிஸ்ட் வருது. எதுக்கு இந்த வீம்பு?"

அவர் மிரட்டியிருந்தால் நானும் மிரட்டியிருப்பேன். அவர் கெஞ்சுகிற மாதிரிச் சொன்னதும் எனக்குள் என்னவோ சரிந்தது. பதினோரு வருஷம் வாயைத் திறக்காமல் அந்த மனுஷன் சேர்த்துவைத்ததை ஒரே மத்தியானத்தில் நான் கடலில் போட்டுவிட்டேனோ என்று பயந்தேன். கழி கையில் தாழ்ந்தது. சௌமியா என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது ஆறு மணி. அடுத்த ஷிப்டு ஆள் வந்துவிட்டார். யோகராஜ் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டார். யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். வீட்டிலிருந்து வரும்போது போட்டிருந்த கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வராமல் எதிர்ப்பக்கம் நடந்தார். வீட்டுக்குப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கோபித்துக்கொண்டு போகிறார், போகட்டும், நியாயம்தான்.

அவர் கவுன்ட்டர் வரிசையில் போய் நின்றார்.

அவருக்கு முன்னால் நான்கு பேர். யாரையும் முந்தவில்லை. பதினோரு வருஷம் அந்தப் படகில் வேலை செய்தவர், ஒரு நாளும் டிக்கெட் எடுத்ததில்லை. இரண்டு முழு, ஒரு அரை, ஒரு இதர சாமான். விஜயன் சேட்டன் முத்திரை குத்திய சத்தம் எங்களுக்குக் கேட்டது. நேராக வந்து, பாலசுப்பிரமணியம் சார் முன்னால் நின்று சீட்டைக் காட்டினார்.

"சார், டியூட்டி முடிஞ்சுது. இப்ப நான் பாசஞ்சர்." நீட்டிய சீட்டைக் கீழே இறக்கவில்லை. "மெமோ வரட்டும் சார். நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன். இன்னிக்கு எம் புள்ளகூட ஒரு நட போயிட்டு வந்துர்றேன்."

என் கையிலிருந்து கழியை வாங்கினார். ஒரே தூக்கு, நட்சத்திரம் எல்லார் தலைக்கும் மேலே போய்விட்டது. படகில் இருந்தவர்கள் வழி விட்டார்கள்.

பாலசுப்பிரமணியம் சார் போனை எடுத்தார். ஆதாரத்துக்கு ஒரு படமாவது வேண்டுமே அவருக்கு. அவர் போனைத் தூக்கியதுதான் தாமதம், சௌமியா கையைக் காட்டினாள்.

"அங்கிள், ஒரு நிமிஷம்."

ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்து அப்பா பக்கத்தில் நிறுத்தினாள். தான் நடுவில் நின்றாள். கவுனை நீவிவிட்டுக்கொண்டாள். சிலாஸ் குடும்பம் பின்னால் வந்து நின்றது. மேளக்காரர், காலிக் கூடையோடு வீடு திரும்புகிற மீன்காரப் பெண், அந்த நடைக்கு ஏறிய யார் யாரோ எல்லாரும் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். "இப்ப எடுங்க அங்கிள்" என்றாள்.

அவர் எடுத்தார். வேறு வழியில்லை.

"சார், அத எனக்கும் அனுப்பிருங்க" என்றேன். "ஸ்கூலுக்கு வேணும். குடும்பத்துல எல்லாரும் இருக்குற போட்டோ எங்ககிட்ட அது ஒண்ணுதான்."

அவர் போனைப் பார்த்தபடியே நின்றார். அகிலா அம்மாவின் கையை ஆட்டி ஏதோ கேட்டாள். "நம்ம போட்டோ எதுலயுமே அப்பா இல்லம்மா" என்றது மட்டும் எனக்குக் கேட்டது. உமா மகேஸ்வரி மேடம் கணவரைப் பார்த்தார், பிறகு கைப்பையைத் திறந்துகொண்டே கவுன்ட்டர் பக்கம் நடந்தார். டிக்கெட்தான் எடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. அதற்குள் எங்கள் படகு கிளம்பிவிட்டது.

தண்ணீர் அமைதியாக இருந்தது. யோகராஜ் எந்தக் கயிற்றையும் தொடாமல், யாரையும் தள்ளி நிற்கச் சொல்லாமல் நின்றார். கையை என்ன செய்வதென்று தெரியாத ஆளுக்குக் கழி இருந்தது நல்லதாகப் போயிற்று. சௌமியா அவர் முன்னால் நின்று அந்தக் கழியில் தானும் ஒரு கை வைத்திருந்தாள். மேட்டில் வீடுகளில் எல்லாம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நம்ம வீடு எதுப்பா?"

"அந்த தண்ணி டேங்குக்குக் கீழ, வெளக்கு எரியாம ஒண்ணு இருக்கு பாரு. அது."

"அங்க இருந்து பாத்தா இப்ப நம்ம ஸ்டாரு தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

அவள் அந்த இருட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா பாக்குறதுக்குத்தான் இன்னிக்கு அங்க யாரும் இல்ல" என்றாள். "எல்லாரும் இங்க இருக்கோம்."